நூல் அறுவதேன்?

புதூரைச் சூழ்ந்த கரிசற் காட்டில் ஐப்பசி மழையை எதிர்நோக்கிப் பருத்தி விதைப்பது நெடுநாள் வழக்கம். காய் முற்றி வெடிப்பதற்கு மாசி, பங்குனி ஆகும். வெடித்த பருத்தியைப் பெண்டிர் மடிகட்டி எடுத்துக் களத்திற் சேர்ப்பர். அது சாக்கில் ஏறி வியாபாரியிடஞ் சென்று, ஜின்னிங் ஆலையில் விதை நீங்கி, பொதியாக இறுகி, நூற்பாலையை அடைகின்றது. இவ்வளவு தூரம் வந்த பஞ்சு கதிரில் ஏறி நூலாகும்பொழுது அடிக்கடி அறுமாயின், பழி முதலில் இருவர்மேல் விழுகின்றது. ‘பஞ்சு மோசம்’ என்பர் ஒரு சாரார். ‘இழை ஓட்டும் பெண்ணுக்குக் கைவிரைவு போதாது’ என்பர் மற்றொரு சாரார். பஞ்சின்மேல் விழும் பழி விலைக்குறைப்பாகி உழவனிடந் திரும்பி வரும். தொழிலாளியின்மேல் விழும் பழி வசையாக அன்றே அவர் செவியிற் புகும்.

இவ்விருவருமன்றி மூன்றாவது ஒன்று உண்டு. கதிர் தன் மையத்தில் நில்லாமை அது. அதற்கு வாயில்லை, ஆதலின் அதனைத் தேடிச் சென்றாலன்றி அது வெளிப்படுவதில்லை. குற்றம் பஞ்சினுடையதோ, கையினுடையதோ, கதிரினுடையதோ என்று ஐயமறத் தெளியும் முறை யாது என்பதையே நாம் இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். நம் கல்லூரி மாணவருள் கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் ஆகிய பக்கங்களினின்றும் வருவோர் பலர். அவர்தங் குடும்பத்தாருள் ஒருவர் பருத்தி விளைப்பவராகவும் மற்றொருவர் ஆலைக்குச் செல்பவராகவும் இருத்தல் கூடும். ஆதலின் இஃது அவர்கட்கு அயலான செய்தியன்று.

அச்சு என்னுஞ் சொல்

தமிழில் ‘அச்சு’ என்னுஞ் சொல் பல பொருள்களைக் குறிக்கும். வண்டிச் சக்கரம் எதனைப் பற்றிச் சுழல்கின்றதோ அஃது அச்சு. வெல்லப்பாகை உருவாக்கும் மரப்பள்ளமும் அச்சு. நெசவாளன் தன் பாவிழைகளை ஒழுங்குபட நிறுத்துங் கருவியும் அச்சு. ஏட்டிற் பதியும் ஈய எழுத்தும் அச்சு. இவை யாவற்றிற்கும் பொதுவாயது ஒன்றுண்டு: தான் கோணினால் தன்னைச் சார்ந்ததையுங் கோணச் செய்யும் பொருளே அச்சு. வண்டியச்சு சிறிது வளைந்தால் சக்கரம் ஆடும். ஆடும் சக்கரத்தைக் கண்டு சக்கரத்தையே பழிப்பவன் புதுச் சக்கரம் வாங்கியும் பயன் பெறான். நூற்பாலைக் கதிரும் இத்தகைய ஓர் அச்சே.

கருவியின் அமைப்பு

வளைய நூற்பு முறையை 1828-இல் அமெரிக்காவில் ஜான் தார்ப் என்பார் வகுத்தார். இந்தியாவில் அதனைத் தொடக்கத்திலேயே மேற்கொண்டவற்றுள் ஒன்று, ஜாம்ஷெட்ஜி டாட்டா 1877-இல் நாகபுரியில் திறந்த எம்பிரஸ் ஆலை. நம் பாண்டிநாட்டில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், பின்னர் மதுரையிலும் ஆலைகள் நிறுவினர். கோவிற்பட்டியிலும் ஆலைகள் எழுந்தன. பஞ்சும் ஆலையும் ஒரே சீமையில் அமைந்தது கோவிற்பட்டியின் சிறப்பாயிற்று.

அவ்விடத்துப் பஞ்சின் வரலாறும் அறியத்தக்கது. கோவிற்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் கரிசலில் உப்பம் பருத்தியும் கருங்கண்ணியும் கலந்து பயிராயின. வணிகர் அக்கலப்பைத் ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்றே அழைத்தனர். அந்நிலையத்தார் கருங்கண்ணியிலிருந்து நல்ல வகைகளைத் தேர்ந்தெடுத்து உழவர்க்கு அளித்தனர். இன்று கருங்கண்ணி பயிராகும் நிலம் மிகச் சுருங்கிவிட்டது. ஆயினும், மானாவாரிப் பஞ்சின் இழை நீளங் குறைந்தது என்னும் எண்ணம் ஆலைக்காரர் உள்ளத்தில் நிலைத்திருக்கின்றது. அவ்வெண்ணத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் அறுந்த நூலுக்கெல்லாம் அதுவே காரணம் என்பது பொருந்தாது.

இனி, நூற்பு யந்திரத்தின் உறுப்புக்கள் நான்கினை மட்டும் நினைவிற் கொள்வோம். முதலாவது கதிர். இது செங்குத்தாக நின்று சுழலும் எஃகுத் தண்டு. இதன்மேல் பாபின் என்னும் குழல் செருகப்படும். கதிரின் அடிப்பகுதி எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டினுள் தங்கும். அதனைக் கதிர்க்கூடு என்போம். இரண்டாவது வளையம். இது கதிரைச் சுற்றி அசையாது நிற்பது. வளையங்கள் வரிசையாகப் பொருந்திய நீண்ட சட்டம் மேலுங் கீழுமாக ஏறி இறங்கும். மூன்றாவது டிராவலர். பிறைவடிவான இச்சிறு கம்பி வளையத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஓடும். நான்காவது, கதிரின் உச்சிக்கு நேர்மேலே அமைந்த வழிகாட்டிக் கொக்கி. உருளைகளினின்று மெலிந்து வரும் இழை கொக்கியினூடே இறங்கி, டிராவலரில் நுழைந்து, பாபினிற் சுற்றிக்கொள்ளும். கதிர் சுழலச் சுழல இழை முறுக்கேறும். டிராவலர் கதிரினுஞ் சிறிது பின்தங்குவதால் நூல் சுற்றப்படும்.

கொக்கியின் கண், கதிரின் உச்சி, வளையத்தின் நடு ஆகிய மூன்றும் ஒரே தூக்குக்கோட்டில் அமைதல் வேண்டும். வளையச் சட்டம் எவ்வுயரத்தில் நின்றாலும் இந்நிலை மாறுதலாகாது. நூற்பு நன்கு நடைபெற வேண்டும் நிபந்தனைகளுள் இஃது எளியது. ஆயினும் மிகுதியாகப் பிழைபடுவதும் இதுவே.

கோட்டஞ் செய்யுந் தீங்கு

அளவுகளைக் கொண்டு நோக்கினால் இதன் கடுமை விளங்கும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் கதிர் நிமிஷத்திற்கு 16,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். இக்காலத்து ஆலைகளில் இவ்வேகம் சாதாரணம். அப்பொழுது டிராவலர் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 2,000 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர், என்னும் விரைவில் ஓடுகின்றது. ஒரு நொடியில் அது வளையத்தை 260 தடவைக்கு மேற் சுற்றிவிடும்.

கதிர் நடுவினின்று அரை மில்லிமீட்டரே விலகியிருப்பினும், ஒரு பக்கத்து இடைவெளி மறுபக்கத்தினும் ஒரு மில்லிமீட்டர் மிகுந்துவிடும். டிராவலர் ஒவ்வொரு சுற்றிலும் இழையை ஒரு பக்கத்தில் மிகுதியாகவும் மறுபக்கத்திற் குறைவாகவும் இழுக்கும். இவ்வாறு நொடிக்கு 260 தடவைக்கு மேல் இழை இறுகித் தளர்கின்றது. வலிய இழை இதனைப் பொறுத்துக்கொள்ளும். மெலிந்த இடம் ஒன்று வருமாயின் அவ்விடத்தில் அறும். அறாத நூலும் உராய்ந்து மயிர் சிலிர்க்கும். டிராவலரும் வளையமும் ஒருபுறமாகத் தேயும். தேய்ந்தபின் கோட்டத்தின் தீமை பன்மடங்காகும்.

இங்கே உய்த்துணரத்தக்கது ஒன்றுண்டு. அறுந்த இடத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே மெலிந்த பஞ்சே காணப்படும். ஆதலின் ‘பஞ்சினால் அறுந்தது’ என்று சொல்வது எளிதாகின்றது. ஆனால் அதே மெலிவு பக்கத்துக் கதிரில் அறாமற் சென்றிருக்கும். மெலிவு அறுதற்கு இடந் தந்தது, அறுத்தது கோட்டமே. நீளங் குறைந்த இழை இத்தகைய கோட்டத்தைப் பொறுப்பது அரிது. ஆகவே கரிசற் பஞ்சை நூற்கும் ஆலைக்கு மற்றையோரினுங் கூரிய மையப்பொருத்தம் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

முதல் வினா: எங்கே அறுகின்றது?

குற்றத்தைத் தேடுவோன் கையிற் கருவி எடுக்குமுன் காகிதம் எடுத்தல் வேண்டும். யந்திரத்தின் கதிர்கட்கு எண் உண்டு. எந்த எண்ணுள்ள கதிரில் நூல் அறுந்தது என்பதைச் சில மணிநேரம் குறித்துவரின், அக்குறிப்பே பாதி விடையைத் தரும்.

பஞ்சு மோசமாயின், அல்லது கூடத்தின் ஈரம் குறைந்து இழை உலர்ந்திருப்பின், அறுகைகள் யந்திரம் முழுவதும் சிதறிக் கிடக்கும். பஞ்சுப்பொதி இன்ன கதிரைக் கெடுப்போம் என்று தேர்ந்தெடுப்பதில்லை. கதிர் கோணியிருப்பின் அதே எண் மீண்டும் மீண்டும் ஏட்டில் வரும். கைவிரைவு போதாமை உண்மையாயின், அறுந்த நூல் ஓட்டப்படாமல் நெடுநேரங் கிடக்குமேயன்றி, ஒரே கதிரில் அடிக்கடி அறுதல் அதனால் விளையாது.

ஒரு கணக்கைக் காண்க. 1,000 கதிருள்ள யந்திரம் ஒன்றில் 980 கதிர்கள் செவ்வையாயுள்ளன என்றும், அவற்றில் மணிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் நூல் அறுகின்றது என்றுங் கொள்வோம். அவ்வகையில் அறுகைகள் ஏறக்குறைய 29. எஞ்சிய 20 கதிர்கள் கோணியவை. அவை ஒவ்வொன்றிலும் மணிக்கு மூன்று தடவை அறுகின்றது. அவ்வகையில் அறுகைகள் 60. ஆகத் தொகை 89. இதனை நூறு கதிர்க்கு எனச் சராசரி வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 9 என வரும். அவ்வொரு தொகையை மட்டும் நோக்கும் அதிகாரி, மூன்றாயிருக்க வேண்டியது ஒன்பதாயிற்றே என்று பஞ்சைக் குறைகூறுவார். எண் எண்ணாகக் குறித்த ஏட்டை நோக்குபவரோ, 89-இல் 60 அறுகைகள் இருபதே கதிர்களில் நிகழ்ந்தன என்பதைக் காண்பார். பஞ்சை மாற்றினால் 29 என்பது சிறிது குறையலாம். அந்த 60 பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

இழை ஓட்டுபவளுடைய நிலையையும் இக்கணக்கால் அறியலாம். அவள் மணிக்கு 29 தடவை குனிந்து நிமிர்வதற்குப் பதில் 89 தடவை குனிய வேண்டியதாகின்றது. எட்டு மணி நேரத்திற்கு 232 என்பது 712 ஆகின்றது. கைவிரைவு எங்ஙனம் போதும்?

இரண்டாம் வினா: எவ்வுயரத்தில் அறுகின்றது?

அடிக்கடி ஏட்டில் வரும் கதிரைக் கண்டபின், பாபின் எவ்வளவு நிரம்பிய நிலையில் அறுகின்றது என நோக்குதல் வேண்டும். பாபின் சுற்றத் தொடங்கும்பொழுது இழைக்கு இழுப்பு இயல்பாகவே மிகுதி. ஆதலின் தொடக்கத்தில் சிறிது மிகுதியாக அறுவதைக் கோட்டம் எனக் கொள்ளலாகாது. பக்கத்துக் கதிர்களோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

யந்திரத்தை நிறுத்தி, மின்விசையைப் பூட்டி, அதன்பின்னரே கையை உள்ளே இடுக. வளையச் சட்டத்தை அடியிலும், நடுவிலும், உச்சியிலும் நிறுத்திக் கதிருக்கும் வளையத்திற்கும் இடையிலுள்ள வெளியை நான்கு திசையிலும் அளக்க. இதற்கென ஆலைகளில் ஓர் அளவுவட்டு உண்டு. அது கதிரில் தளர்வின்றிச் செருகி, வளையத்தினுள் உராயாமற் பொருந்த வேண்டும். எப்பக்கத்தில் முட்டுகின்றதோ அப்பக்கத்தில் இடைவெளி குறைவு.

மூன்று உயரத்திலும் ஒரே பக்கம் ஒரே அளவாகக் குறைந்திருப்பின், கதிர் சாயவில்லை. இடம் மட்டும் பெயர்ந்துள்ளது. அடியிற் செவ்வையாயிருந்து உச்சிக்குச் செல்லச் செல்லக் குறைவு மிகுமாயின், கதிராவது சட்டத்தின் ஏற்றமாவது சாய்ந்துள்ளது. இவ்விரண்டனுள் எது என்பதை அக்கம்பக்கத்துக் கதிர்கள் சொல்லும். அவையும் அப்படியே சாய்ந்து காணின் சட்டம் ஏறும் வழியே கோணல். அவை செவ்வையாயின் இக்கதிர் ஒன்றே கோணல். ஏதேனும் ஓர் உயரத்தில் மட்டுமே பிழை தோன்றி மறையுமாயின், சட்டம் அவ்விடத்திற் சிக்கி அசைகின்றது என அறிக.

மூன்றாம் வினா: பிழை சுழல்கின்றதா, நிற்கின்றதா?

இது மூன்றனுள்ளும் கூரிய வினா. கதிரின் உச்சியருகே சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொள்க. பாபினை நீக்கி, வெறுங்கதிரைக் கையாற் கால்வட்டங் கால்வட்டமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் இடைவெளி எப்பக்கத்தில் மிகக் குறைந்தது என நோக்குக.

புள்ளி எத்திசையில் நின்றாலும் குறைந்த பக்கம் கிழக்கிலேயே நிற்குமாயின், பிழை கதிரினுடையதன்று; கதிர்க்கூடு நிறுத்திய இடத்தினது. புள்ளியோடு கூடவே குறைந்த பக்கமுஞ் சுற்றி வருமாயின், கதிரே வளைந்துள்ளது. வெறுங்கதிரில் பிழையின்றிப் பாபின் செருகியபின் தோன்றுமாயின், பாபின் கோணியிருக்கும். அல்லது அதன் அடியிற் பஞ்சுத்தூசி அடைந்து அது முழுதும் அமராதிருக்கும். அதனை அறிதற்கு எளிய வழி, பக்கத்துக் கதிரின் பாபினோடு அதனை மாற்றிப் போடுதல். குற்றம் பாபினோடு பக்கத்துக்குச் சென்றால் பாபினையும், செல்லாது நின்றால் கதிரையும் நோக்குக.

வளைந்த கதிரை வளையத்தின் நடுவிற் பொருத்த முயல்வது வீண் உழைப்பு. கதிர் ஒவ்வொரு சுற்றிலும் நடுவைவிட்டு விலகியே தீரும். இரு பிழையும் ஒருங்கே காணப்படின், முதலிற் சுழலும் பிழையை நீக்கிப் பின்னரே நிற்கும் பிழையைத் திருத்துக.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 1870களில் ராபெத் என்னும் அமெரிக்கர் வகுத்த கதிரில் கூட்டினுட் சிறிது தளர்ச்சி விடப்பட்டது. அதனால் கதிர் விரைந்து சுழலும்பொழுது தன் எடையின் நடுவைத் தானே தேடிக்கொள்ளும். அங்ஙனமாயின் நாம் மையம் பார்ப்பது எதற்கு என வினவுவார் உளர். பாபினின் எடை ஒருபுறம் சிறிது மிகுந்திருப்பின் அதனாலாகும் அதிர்ச்சியை அத்தளர்ச்சி தாங்கும். வளையம் வேறிடத்தில் நிற்பதை அது அறியாது. கதிர் தன் மையத்தைத் தேடும். வளையத்தின் மையத்தைத் தேடித் தருபவன் பிட்டரே.

தோட்டாக் கூட்டிலும் இவ்வழக்கே

இம்முறை நூற்பாலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கா முதலிய நாடுகளில், குறி பார்த்துச் சுடும் விளையாட்டினர் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், அச்சிலிட்டு அழுத்திப் பழைய அளவிற்குக் கொணர்ந்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். நம் நாட்டில் தோட்டாவும் துப்பாக்கியும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றோர்க்கே உரியன. ஆதலின் அத்தொழில் நமக்குரியதன்று. ஆயினும் அவர்கள் கோட்டத்தைத் தேடும் முறை நம் பிட்டர்க்கு ஒரு பாடம்.

சுட்டபோது விரிந்த கூடு, அச்சினுள் ஏறி இறங்கும்பொழுது அதன் கழுத்து ஒருபுறமாகச் சாய்தல் உண்டு. கழுத்துச் சாய்ந்தால் அதிற் பதியுங் குண்டுஞ் சாயும், குறி தப்பும். உடனே அச்சைப் பழித்துப் புதிய அச்சு வாங்குவோர் பலர். தேர்ந்தவரோ, கூட்டை இரு தாங்கிகளின்மேல் உருட்டி, முள் அசையும் அளவைக்கருவியால் கழுத்தின் ஆட்டத்தைப் பார்ப்பர். சுட்டபின் ஒருமுறை, அச்சிலிருந்து வந்தபின் ஒருமுறை, கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை இழுபட்டபின் ஒருமுறை, குண்டு பதித்தபின் ஒருமுறை என ஒவ்வொரு படியிலும் அளப்பர். எப்படியில் ஆட்டம் புதிதாகப் புகுகின்றதோ அப்படியிலேயே குற்றம். அடுத்து, கூட்டின் ஓரத்திற் புள்ளியிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளை வெவ்வேறு திசையிற் செருகிப் பார்ப்பர். சாய்வு எப்பொழுதும் அழுத்தும் யந்திரத்தின் ஒரே பக்கத்தை நோக்கியிருந்தால் அச்சோ தாங்கியோ கோணல். சாய்வு கூட்டுக்குக் கூடு மாறினால் கூட்டின் சுவர் ஒருபுறம் தடித்துள்ளது. சுழலும் பிழை, நிற்கும் பிழை என்று நாம் மேலே பிரித்த பிரிவே இது. பஞ்சும் கதிரும் நம்மிடத்தில் நிற்கும் இடத்தில், அவர்களிடத்தில் கூடும் அச்சும் நிற்கின்றன.

திருத்தும் வரிசை

குற்றம் கண்டபின் திருத்துவதற்கும் ஒரு வரிசையுண்டு. அடியிலிருந்து மேல் நோக்கிச் செல்வதே அது. முதலில் யந்திரத்தின் சட்டகம் மட்டமாயுள்ளதா என இரசமட்டம் வைத்துப் பார்க்க. அடுத்து, வளையச் சட்டம் கிடைமட்டமாக நின்று ஒரே சீராக ஏறி இறங்குகின்றதா எனக் காண்க. அதன்பின் கதிரைச் செங்குத்தாக்கி வளையத்தின் நடுவில் நிறுத்துக. இறுதியாக, கொக்கியின் கண்ணினின்று தூக்குக்குண்டு விட்டு, அது கதிரின் உச்சி நடுவில் விழுமாறு கொக்கியை வளைத்தமைக்க. கொக்கியில் நூல் அறுத்த பள்ளம் இருப்பின் அதனை மாற்றுக.

இவ்வரிசை மாறினால் உழைப்பு வீணாம். கொக்கியை முதலிற் செவ்வைப்படுத்திப் பின்னர்க் கதிரை நகர்த்துபவன், மீண்டுங் கொக்கிக்கே வரவேண்டும். ஒன்றனைச் சார்ந்து மற்றொன்று நிற்கின்றதாகலின், சார்பாகிய பொருளை முதலில் நிலைநிறுத்தல் அறிவுடைமை.

மேலும் இரண்டு நெறிகள் உள. ஒரு தடவையில் ஒன்றையே மாற்றுக. கதிரையும் டிராவலரையும் பாபினையும் ஒருங்கே மாற்றியபின் நூல் அறாதாயின், எதனால் நலம் பிறந்தது என்பது தெரியாது போம். அடுத்த கதிரிலும் மூன்றையும் மாற்ற நேரும். இரண்டாவது நெறி, இறுக்கியபின் மறுபடியும் அளக்க. கதிர்க்கூட்டின் நட்டை இறுக்கும்பொழுது, நட்டுத் திரும்பும் பக்கமாகக் கூடு சிறிது இழுபடும். தளர்ச்சியில் நடுவாயிருந்தது இறுக்கத்தில் நடுவாயிராது. ஆதலின் அளவுவட்டை அகற்றாது வைத்துக்கொண்டே சிறிது சிறிதாக இறுக்கி, முற்றும் இறுகியபின் மூன்று உயரத்திலும் ஒருமுறை நோக்கி முடித்தல் வேண்டும். திருத்திய கதிரின் எண்ணையும் நாளையும் ஏட்டிற் குறித்து, அடுத்த சில தினங்கள் அவ்வெண் மீண்டும் வருகின்றதா எனப் பார்த்தலே இறுதிச் சோதனை.

கரிசல் தரையின் இயல்பு

செவ்வையாக நிறுத்திய யந்திரமும் சில பருவங் கழிந்தபின் தானே கோணுவதற்கு நம் சீமையில் ஒரு தனிக் காரணம் இருத்தல் கூடும். அது நம் கரிசல் மண். மழைநீரைக் குடித்து ஊதுவதும், கோடையிற் கைந்நுழையும் வெடிப்பாகப் பிளப்பதும் அதன் இயல்பு. நீரை உட்கொண்டு பருக்கும் நுண்களிமண் அதில் மிகுந்திருப்பதே காரணம். மானாவாரிப் பருத்தி பல வாரம் மழையின்றித் தாங்குவது அம்மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதாலேதான். பயிருக்கு நன்மை செய்யும் அவ்வியல்பே கட்டடத்திற்குத் தீமையாகின்றது. கரிசற் காட்டூர்களில் வீட்டுச்சுவர் மூலைவாட்டில் வெடித்து நிற்பதைக் காணாதார் இல்லை.

யந்திரக் கூடத்தின் தரை ஒரு முனையிற் சிறிது உயர்ந்தால், நீண்ட சட்டகம் முறுக்கிக்கொள்ளும். வரிசையாக நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒருங்கே சாயும். ஆதலின் கரிசலில் ஆலை கட்டுவோர், மேற்கரிசலை அகழ்ந்தெறிந்து சரளும் மணலும் இட்டு இறுக்குதலும், பருவத்தால் ஈரம் மாறாத ஆழத்திற்கு அடித்தளத்தை இறக்குதலும் வேண்டும். இவ்வகை மண்ணுக்கென்றே, அடியிற் குமிழ்போல் அகன்ற கான்கிரீட்டுத் தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து வழங்கியுள்ளனர். பழைய கூடமாயின், மழைக்காலத்தின் முடிவில் ஒருமுறையும் கோடையின் முடிவில் ஒருமுறையும் இரசமட்டம் வைத்துப் பார்த்தல் நலம். ஒரு யந்திரத்தில் ஒரு பகுதிக் கதிர்கள் யாவும் ஒரே திசையிற் சாய்ந்து காணின், கதிர் கதிராகத் திருத்தத் தொடங்காது தரையை முதலில் நோக்குக.

முடிபு

இக்காலத்துப் புதிய ஆலைகளில் ஒவ்வொரு கதிரிலும் நூல் அறுவதைத் தானே உணர்ந்து எண் குறிக்கும் மின்கருவிகள் அமைந்துள்ளன. மையம் பார்ப்பதற்கும் மின்னணுக் கருவிகள் வந்துள்ளன. ஆயினும் அவை குறித்துத் தரும் எண்களைச் சராசரியாக மட்டும் வாசிப்பாராயின், பழைய தவறே புதிய கருவியால் விரைவில் நிகழும். கருவி எண்ணைத் தரும். எங்கே, எவ்வுயரத்தில், சுழல்கின்றதா நிற்கின்றதா என்று வினவ வேண்டியவர் மனிதரே.

மாணவர்கள் இதனைச் சோதிக்க ஆலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. தொழிற்கூடத்திற் கடைசல் யந்திரத்தின் பிடியில் ஒரு தண்டைப் பொருத்திப் புள்ளியிட்டு, முள்ளளவைக் கருவியை அருகில் நிறுத்தி மெல்லத் திருப்புக. பின்னர்த் தண்டைத் தளர்த்தி, அதனை மட்டும் அரைவட்டந் திருப்பிச் செருகி மீண்டும் நோக்குக. மேடு தண்டின் புள்ளியோடு வந்ததா, பிடியின் ஒரே பல்லோடு நின்றதா என்பதைக் கண்டால், இக்கட்டுரை முழுவதையும் கையாற் படித்தவராவர்.

நாளை அவருட் சிலர் ஆலையின் மேஸ்திரியாகவும் பொறியாளராகவும் அமரக்கூடும். புதூர்ச் சந்தையிலிருந்து வந்த பஞ்சுக்கு விலை குறைக்க வேண்டும் என்றோ, இன்ன பெண்ணை வேலையினின்று நீக்க வேண்டும் என்றோ எழுதிய தாள் அவர் மேசைக்குக் கையொப்பத்திற்கு வரும். அப்பொழுது, கதிரெண் குறித்த ஏட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பின்னரே அவர் எழுதுகோலை எடுப்பாராக.